மில்-எஸ்டிடி-810-உம் பண்ருட்டிப் பலாவும்

லேப்டாப் கடையில் நுழைந்ததும், "எந்த பட்ஜெட்டுல பாக்குறீங்க சார்?" என்பார்கள். ஊர் ஊராகப் போய் ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக் கொடுக்கிற என்னிடம் கேட்க வேண்டியது, "எந்த பஸ்ஸுல போவீங்க?" என்பதுதான். மேல்பட்டாம்பாக்கத்தில் ஏறி, கடலூரில் மாறி, சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் ஒரு லேப்டாப் படும் பாடு எந்த விளம்பரத்திலும் வராது.

பண்ருட்டியிலிருந்து வரும் பஸ் எங்கள் ஊரைத் தொடும்போதே பிதுங்கும். நிற்கிறவர் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நம் பக்கத்து மரியாதை. பலா சீசனில் அந்த மடிக்குப் போட்டி அதிகம். "குடு தம்பி, நான் வச்சிக்கிறேன்" என்று என் பையை வாங்கிய ஓர் அம்மா, காலடியில் உருண்டுகொண்டிருந்த பலாப்பழத்தைத் தூக்கி அதன்மேல் அமர்த்தி, இரண்டையும் சேர்த்து அணைத்தபடி தூங்கிவிட்டார். நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டருக்காக டிரைவர் பிரேக் அடித்தபோதெல்லாம் பழம் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தது. சில கம்பெனிகள் அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்டிடி-810 சோதனையில் தேறியது என்று பெட்டியில் அச்சடிக்கின்றன. அதில் அதிர்வு உண்டு, தூசு உண்டு, ஈரம், வெப்பம் எல்லாம் உண்டு. பலாப்பழம் கிடையாது.

ஆகவே கடையிலேயே மூடியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அப்பளம் மாதிரி வளைந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். 14 அங்குலம், ஒன்றரைக் கிலோவுக்குள், உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இல்லாமல் எஸ்எஸ்டி, இவ்வளவு போதும். பளபளக்கும் திரை ஜன்னலோர சீட்டில் உங்கள் முகத்தைத்தான் காட்டும். மங்கல் திரையாகப் பாருங்கள். சார்ஜர் கட்டியைத் திரைப் பக்கம் திணிக்காதீர்கள். மூடியை மட்டும் சாத்திவிட்டுப் பைக்குள் தள்ளாமல், ஷட் டவுன் செய்யுங்கள். தூங்குவதுபோல் பாசாங்கு செய்து பைக்குள்ளேயே கொதிக்கிற ஜாதி அது.

சார்ஜ் விஷயத்தில் ரயிலை நம்புகிறவர்களுக்கு என் அனுதாபம். பெட்டியிலுள்ள பிளக்கில் பெரும்பாலும் 110 வோல்ட்தான். சார்ஜரில் 100-240 என்று போட்டிருந்தால் ஏற்கும், ஆனால் பக்கத்திலேயே "மொபைல் மட்டும்" என்ற எச்சரிக்கை முறைக்கும். தீ விபத்துக்குப் பயந்து இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை அந்த பிளக்குகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவைக்கச் சொல்லி ரயில்வேயில் ஓர் உத்தரவும் உண்டு. சிதம்பரத்தில் ராத்திரி வண்டி ஏறுகிறவர் அதில் செருகிவிட்டு, காலையில் எழும்பூரில் பார்த்து ரயில்வேயைத் திட்டுவார். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் லேப்டாப்பாக வாங்கி, 65 வாட் கொடுக்கும் பவர் பேங்க் ஒன்றும் வைத்துக்கொள்வதே உத்தமம். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணி. சின்ன லேப்டாப்புக்கு ஏறக்குறைய ஒரு முழு சார்ஜ். விமானத்தில் கையோடு கொண்டுபோக அனுமதிக்கும் 100 வாட்-மணிக்கும் உள்ளேதான்.

திருட்டுப் பயமா? 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பை ஒருவரும் தொடமாட்டார். மூடியில் அரசு அச்சு இருக்கிறது, விற்கப் போனால் அதுவே சாட்சி. அது வாய்க்காதவர்கள் ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் உறையோடு வைத்து, மேலே ரெண்டு முருங்கைக்காய் நீட்டி விடுங்கள்.

பக்கத்து சீட்காரர் பார்க்காமலிருக்கத் திரைக்கு ஒட்டும் பிரைவசி ஃபில்டர் விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. மாதாந்தர ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னுக்கு 20-ஆம் தேதி கெடு. அன்றைக்கு ஆலப்பாக்கம் தாண்டும்போது பக்கத்திலிருந்த பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரைக்குள் விரலை நீட்டினார். "தம்பி, மூணாவது வரியில ஒரு சைபர் கூட விழுந்திருக்கு பாருங்க." விழுந்துதான் இருந்தது. வரியைத் திருத்தி முடிப்பதற்குள், தன் முந்திரி மண்டிக்கு மாதம் என்ன வாங்குவேன் என்று கேட்டுவிட்டார்.