சம்மாட்டி உதயமாகிறார்

எனக்கு நீச்சல் தெரியாது. படகு வாங்கப் போகிறவனுக்கு இது பெரிய குறை என்பது என் மனைவியின் கட்சி. மில் முதலாளிக்கு நூற்கத் தெரியுமா என்பது என் கட்சி. கடலுக்குப் போகப்போவது மச்சினன். நான் கரையில் நிற்கும் சம்மாட்டி. அதற்கு வேண்டிய தொப்பை, கூலிங்கிளாஸ், எவரையும் நம்பாத முகம் எல்லாம் என்னிடம் முன்பே இருந்தன. படகு ஒன்றுதான் பாக்கி.

உப்புக் கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால், தூத்துக்குடியில் மனை வாங்குவான். இல்லாவிட்டால் மருமகனுக்குக் கொடுத்து இழப்பான். நான் திரேஸ்புரம் கரைக்குப் போனேன். மச்சினன் அங்கே அடுத்தவர் வள்ளத்தில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தான். புது ஃபைபர் வள்ளத்துக்கு என் பணம் எட்டாது என்பதால் பழசு தேடுவதாக முடிவானது.

நான் ஒரு ராஜதந்திரம் வைத்திருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போக வழியில்லாமல் படகுக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டிருப்பார்கள்; அடிமாட்டு விலைக்கு அடித்துப் பேசலாம். 2017-இல் 45 நாள் தடையை 61 நாளாக நீட்டியதே என் வசதிக்குத்தான் என்று நினைத்தேன். இதை மச்சினனிடம் குரல் தாழ்த்திச் சொன்னேன்.

“அத்தான், தடை விசைப்படகுக்கு. நாட்டுப்படகு போகத்தான் செய்யும். அவுக கெட்டிக் கெடக்குற அந்த ரெண்டு மாசந்தான் நம்ம மீனுக்கு வெலை. அப்பப் போயி எவன் வள்ளத்த விப்பான்?”

“உனக்குத் தெரியுதான்னு பாத்தேன்” என்றேன்.

விற்பனைக்கு நிற்கும் வள்ளத்தில் பெயின்ட் ஈரம் காய்ந்திருக்காது. அதன் அழகைப் பார்த்துத் தலையாட்டுவதோடு என் தொழில்நுட்ப அறிவு முடிந்துவிடும். ஒரு வள்ளத்தை சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனம் கொடுத்தது என்றார்கள். வெளிநாட்டுப் பணம், கெட்டியாக இருக்கும் என்று நான் கணக்குப் போட்டேன். 2004-க்குப் பிறகு கரையெங்கும் ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. அவசரத்தில் வார்த்ததால் சிலதில் கண்ணாடி நார் போதாது, சிலதில் பிசின் சரியாக ஊறவில்லை என்று மச்சினன் சொன்னான். அவன் சொல்வதற்குள் நான் ‘நல்ல வண்டி’ என்று விற்பவரிடம் மூன்று தரம் சொல்லிவிட்டிருந்தேன். விலை ஒவ்வொரு தரமும் ஏறியது.

அதனால் அடுத்த வள்ளத்துக்கு மனைவியையும் அழைத்துப்போனோம். அவள் கடற்கரையில் பிறந்தவள். நான் உப்பளத்துக்காரன், தண்ணீரை வெயிலில் காயவைத்துத்தான் பழக்கம். அவள் பர்ஸிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல் வள்ளத்தின் வயிற்றை ஓரமிருந்து தட்டிக்கொண்டே போனாள். கணீர், கணீர், கணீர். ஓரிடத்தில் மட்டும் பொத்தென்றது. “இங்க சத்தம் செத்துக் கெடக்கு.” மேல்பூச்சில் கீறல் விழுந்து தண்ணீர் புகுந்தால் உள்ளடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியுமாம். நானும் என் பேனாவால் தட்டினேன். எல்லா இடமும் எனக்குப் பேனாச் சத்தமாகவே கேட்டது.

மிதப்புக்காக உள்ளே அடைத்திருக்கும் நுரை தண்ணீரைக் குடித்தால் வள்ளம் கனத்துப்போகும் என்று மச்சினன் சொன்னதும் எனக்கு உற்சாகம் வந்தது. எடை என் துறை. “லாரியில ஏத்தி உப்புக் கம்பெனி எடைமேடைக்குக் கொண்டுபோயிருவோம்” என்றேன். யாரும் பதில் சொல்லவில்லை. மச்சினன் நாலு பேரைக் கூப்பிட்டு மணலில் ஒரு தள்ளு தள்ளினான். பரவாயில்லை என்றான். எடைமேடை ரசீது இல்லாமல் ஒரு முடிவு எடுக்கப்படுவதை நான் முதன்முறையாகப் பார்த்தேன்.

எஞ்சின் மாட்டும் பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கும். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் வெளியே பளபளப்பும் உள்ளே மட்குமாக நிற்கும். எஞ்சினைப் பிடித்து ஆட்டினார்கள், பலகை அசையவில்லை. பிறகு மனைவி எஞ்சின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தாள். “காலையிலயே ஓட்டிருக்கீகளோ, அண்ணாச்சி?” விற்பவர் கடலைப் பார்த்தார். குளிர்ந்த எஞ்சின் இழுத்ததும் பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே சூடேற்றி வைத்திருக்கிறார். ஆற விட்டுத்தான் இழுக்கவேண்டும் என்று அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஆறிய பிறகு ஐந்தாவது இழுப்பில் பிடித்தது. குளிர்விக்கும் தண்ணீர் பின்னால் ஒழுங்காகப் பீச்சியது. கியர் ஆயில் மட்டும் வெளுத்து வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது, சீல் மாற்றவேண்டும், அந்தக் காசை விலையில் கழி என்றாள். இத்தனை பேச்சிலும் சம்மாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. எஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்கவும் செய்யாது.

என் நேரம் காகிதத்தில் வந்தது. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின்படி பதிவுச் சான்று இருக்கவேண்டும். அதிலுள்ள எண்ணும் படகில் எழுதிய எண்ணும் ஒத்துப்போகவேண்டும். சான்றில் 8. படகில் 3. “மோசடி!” என்று நான் போட்ட கூச்சலில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். விற்பவர் நிதானமாகக் கட்டைவிரலால் அந்த இடத்தைச் சுரண்டினார். காய்ந்து ஒட்டியிருந்த மீன் செதில் உதிர்ந்தது. 3 எட்டாயிற்று. கூட்டத்தில் யாரோ “கணக்குப்பிள்ளை” என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கழிவெல்லாம் போக விலை படிந்தது. பணம் கொஞ்சம் குறைந்தது. குறைந்ததை மீன் வியாபாரி ஒருவர் அட்வான்ஸாகக் கொடுத்தார், சிரித்த முகத்தோடு, பத்திரம் இல்லாமல். பதிலுக்கு வள்ளத்தில் வரும் மீன் முழுதும் அவருக்கே, அவர் போடும் விலைக்கே. இதில் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று புதுப் பேரேட்டில் தேடிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு மீன் கேட்டால், எடைபோட்டபின் ஒரு மீனைக்கூட எடுக்கமுடியாது என்கிறான் மச்சினன்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி பையைக் கொடுத்தாள். “சம்மாட்டி, மார்க்கெட்டுக்குப் போயி அரைக்கிலோ சாளை வாங்கிட்டு வாங்க. பேரம் பேசாதீக, நம்ம வள்ளத்து மீனாத்தான் இருக்கும்.”