பகற்குறி இல்லாத தலைவன்: சிற்றூர்க் காட்டேரிக் காதல் பற்றிய ஓர் அகத்திணை ஆய்வு

இரத்தக் காட்டேரி ஒருவன் சின்ன ஊர் ஒன்றில் குடியேறி, அவ்வூர்ப் பெண்ணைக் காதலிக்கும் நாவல்கள் அமெரிக்காவில் மலிந்து கிடக்கின்றன. படிப்பவர்கள் பல்லைப் பார்க்கிறார்கள், கழுத்தைப் பார்க்கிறார்கள். இவை அகப்பொருள் நூல்கள் என்பதைப் பார்ப்பதில்லை. தலைவன் செத்துப்போனான் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு காதலைப் புறத்திணையில் தள்ளுவது முறையாகாது. இறந்தோர்க்குக் காஞ்சித் திணை இருக்கிறதே என்பார்க்கு விடை: காஞ்சி பேசுவது நிலையாமை. இவர்களோ நிலைத்து நிற்பவர்கள். அதுதானே சிக்கல்.

முதற்சான்று கற்பனையன்று. 1725-இல், இன்று செர்பியாவில் இருக்கும் கிசில்யெவோ என்ற ஊரில், பேதர் பிளாகோயெவிச் என்ற குடியானவர் இறந்தார். அவரைப் புதைத்தபின் எட்டு நாளில் ஒன்பது பேர் சாக, பழி அவர்மேல் விழுந்தது. ஆஸ்திரிய ஆட்சியின் அலுவலர் முன்னிலையில் குழியைத் தோண்டி, நெஞ்சில் கூர்ங்கழி இறக்கி, எரித்தார்கள். அலுவலர் எழுதிய அறிக்கை வியன்னா நாளிதழில் அச்சேறியது. எல்லோரும் எடுத்துக்காட்டுவது அந்தக் கழியைத்தான். அதே அறிக்கையில் கேட்பாரற்றுக் கிடக்கும் செய்தி ஒன்று உண்டு: இறந்த கணவர் வந்து தம் செருப்பைக் கேட்டார் என்று மனைவி சொல்லியிருக்கிறார், சொன்ன கையோடு வேற்றூருக்குக் குடிபெயர்ந்தும் விட்டார்.

ஆய்வுலகம் இங்கே சற்று நிற்க வேண்டும். வந்தவர் மனைவியிடம் இரத்தம் கேட்கவில்லை, செருப்பைக் கேட்டார். தன் பொருள் எங்கே இருக்கிறது என்று மனைவியைக் கேட்பது இல்லறத்தானின் இலக்கணம். சாவுகூட அதைத் திருத்தவில்லை. 1897-இல் பிராம் ஸ்டோக்கர் படைத்த டிராகுலா பிரபுவும் கோட்டையில் வேலையாள் இல்லாமல் தாமே மேசையில் உணவு எடுத்து வைக்கிறார். விருந்தாளி கதவிடுக்கு வழியே பார்த்துவிடுகிறார். 2004-இல் மேரிஜானிஸ் டேவிட்சன் நாவலில் தலைவி பெட்சி சவப்பெட்டியிலிருந்து எழுந்ததும் கொதித்துப்போவது தன் காலைப் பார்த்து. மாட்டியிருந்தது சிற்றன்னையின் மலிவு ஜோடி. ஏறத்தாழ 280 ஆண்டுகளாகக் காலணி மரபு அறுபடவில்லை. காட்டேரியின் வேட்கை இரத்தமன்று, குடித்தனம் என்பதே இக்கட்டுரையின் கோட்பாடு.

இனி, குறியிடம். களவில் தலைவனும் தலைவியும் சந்திக்கப் பகற்குறி, இரவுக்குறி என இரண்டு உண்டு. டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடந்தவர். வலிமை குறையுமே தவிர உயிருக்கு ஆபத்தில்லை. (உயிர் என்ற சொல்லை இங்கே தாராளமாகக் கொள்க.) 1922-இல் முர்னோ எடுத்த ‘நோஸ்ஃபெராட்டு’ மௌனப்படத்தில்தான் காட்டேரி வெயில் பட்டுக் கரைந்தது. ஒரு படத்தை முடிக்கச் செய்த ஏற்பாடு, ஒரு குலத்துக்கே பகற்குறியை ஒழித்துவிட்டது. மிஞ்சியது இரவுக்குறி. நம் மரபில் தோழி அதை மறுக்கும்போது வழியின் கொடுமையைச் சொல்வாள்: யானை திரியும், புலி உலவும், ஆற்றில் முதலை கிடக்கும். காட்டேரிக் காதலில் தோழிக்கு இந்த வாதம் உதவாது. வழியில் உள்ள கொடிய விலங்கே தலைவன்.

இந்த நெருக்கடியை முழுமையாக ஆராய உகந்த இடம் பான் டாம். 2001-இல் ஷார்லேன் ஹாரிஸ் எழுதத் தொடங்கி 13 நாவல்களில் நடத்திய தொடருக்காக, லூசியானா மாநிலத்தில் அவர் கற்பனையாகக் கட்டிய ஊர். ஜப்பானியர் செயற்கை இரத்தம் கண்டுபிடித்து, அது புட்டியில் விற்பனைக்கு வந்ததால், காட்டேரிகள் மறைவிலிருந்து வெளிப்பட்டுவிட்டார்கள். தலைவி சூக்கி மதுக்கடையில் பரிமாறுபவள். ஒரு நாள் காட்டேரி ஒருவன் வந்து உட்காருகிறான். புட்டி இரத்தம் இருப்பில் இல்லை. சிவப்பு ஒயின் கேட்டுப் பெறுகிறான். பெயர் என்ன என்கிறாள். பில் என்கிறான். சூக்கிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நூற்றாண்டைக் கடந்த இருட்பிறவிக்குத் தபால்காரர் பெயரா! இந்தப் பில் வந்திருப்பது வேட்டைக்கன்று. பூர்வீக வீட்டில் குடியிருக்க. வீட்டைச் செப்பனிட வேண்டும், வேலையாட்கள் வருவது பகலில், பகலில் வீட்டுக்காரன் பிணம். ஆள் பிடிக்கும் பொறுப்பு சூக்கியின் தலையில் விழுகிறது. காதல் எந்த இடத்தில் குடித்தனமாக மாறுகிறது என்று கேட்கும் மாணவருக்கு இதையே சுட்டலாம்.

ஆயினும் பான் டாமின் உயிர்நாடி அலர், அதாவது காதலைப் பற்றிய ஊர்ப்பேச்சு. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பது நம் முன்னோர் அறிந்தது. சூக்கியின் நிலை அதனினும் மோசம்: அவளுக்குப் பிறர் மனத்தில் ஓடுவது கேட்கும். ஊர் வாய் திறக்கும் முன்பே அலர் அவள் காதுக்குள் வந்துவிடும். பீர் கேட்பவன் என்ன நினைக்கிறான், சில்லறை வாங்குபவள் என்ன நினைக்கிறாள், எல்லாம் கேட்கும். ஒருவனோடு வெளியே போனால் அவன் மனத்தில் தன்னைப் பற்றி ஓடுவதை உட்கார்ந்து கேட்டாக வேண்டும்; எந்தக் காதல் இதைத் தாங்கும்? பில்லின் தலைக்குள் மட்டும் அவளுக்கு எதுவும் கேட்பதில்லை. மயானத்து அமைதி. காட்டேரியின் கவர்ச்சிக்கு வெளுத்த முகம், தொன்மை, ஆபத்து என்று எதையெதையோ காரணம் சொல்வார்கள். சின்ன ஊரில் வாழ்ந்தவர்களுக்கு உண்மை தெரியும்: தன்னைப் பற்றி ஒன்றுமே காதில் விழாத ஒரே துணை. கழுத்தைக் கொடுத்தாலும் தகும்.

செவிலியின் நிலை தனியே குறிக்கத்தக்கது. சூக்கியை வளர்த்த பாட்டி அடேல், பேத்தி பிணத்தோடு பழகுகிறாள் என்று அறிந்ததும் வெலவெலத்துப் போகவில்லை. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் பில் சிப்பாயாக இருந்தவன் என்று தெரிந்ததும் தம் சங்கத்தில் உரையாற்ற அழைக்கிறார். மாண்ட மாவீரர்களின் வழித்தோன்றல்கள் கூடும் சங்கம் அது. பேச வருபவனோ மாண்டவர்களில் ஒருவன். தம் மூதாதை எப்படி இறந்தார் என்று ஒருவர் கேட்க, உடன் நின்றவன் என்ற முறையில் பில் விவரம் சொல்கிறான். வம்சாவளி தெரிந்த மாப்பிள்ளைக்கு வேறு என்ன குறை சொல்ல முடியும்? அறத்தொடு நிற்றலுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

நிலத்தை மாற்றினால் திணையும் மாறும். ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ (2005) நடப்பது வாஷிங்டன் மாநிலத்தின் ஃபோர்க்ஸ் என்ற உண்மையான மரவெட்டி ஊரில். நாட்டிலேயே மழை மிகுந்த இடம் எது என்று கூகுளில் தேடி மேயர் அதைத் தேர்ந்தார். அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் கொட்டுகிறது. மேகம் கலையாததால் காட்டேரிக் குடும்பம் பகலில் நடமாட முடிகிறது, பகற்குறி மீண்டது. வெயில் அடிக்கும் நாளில் பிள்ளைகள் மலைப்பக்கம் முகாமுக்குப் போயிருப்பதாகப் பள்ளியில் காரணம் சொல்வார்கள். நிலம் காடு. பெரும்பொழுது ஓயாத கார். சிறுபொழுதோ நூலின் தலைப்பிலேயே இருக்கிறது: அந்தி. முல்லைத் திணை இவ்வளவு பிசகின்றி அமைந்த ஆங்கில நூல் பிறிதில்லை. இருத்தல் என்னும் உரிப்பொருளும் பொருந்துகிறது. 1901-இல் பிறந்த தலைவன் எட்வர்ட், 17 வயதில் நின்றுபோய், உயர்நிலைப் பள்ளியைத் திரும்பத் திரும்பப் படித்தபடி காத்திருந்தவன். வரைவு கடாவும், அதாவது மணம் முடிக்கத் தலைவனை நெருக்கும், பணியும் இங்கே தோழிக்கு இல்லை. முதலில் கல்யாணம், பிறகுதான் கடி என்று தலைவனே பிடிவாதம் பிடிக்கிறான், தலைவிதான் தயங்குகிறாள். பிறந்த ஆண்டைப் பார்த்தால் வியப்பில்லை.

பசியை மறந்துவிட்டீரே என்பது எதிர்பார்க்கத்தக்க மறுப்பு. மத்திய புளோரிடா பல்கலைக்கழக இயற்பியலாளர் கோஸ்டாஸ் எஃப்திமியூ, சோஹாங் காந்தி என்பவரோடு சேர்ந்து இதைக் கணக்கிட்டே காட்டியிருக்கிறார். 1600 ஜனவரி 1 அன்று உலகில் 53,68,70,911 மனிதர்களும் ஒரு காட்டேரியும் இருந்ததாகக் கொள்க. காட்டேரி மாதம் ஒருவரைக் கடிக்க, கடிபட்டவரும் காட்டேரியாக, இரண்டரை ஆண்டுக்குள் மனித இனம் தீர்ந்துவிடும். ஆகவே காட்டேரி இல்லை என்பது அவர்கள் முடிவு. கணக்கு சரி, முடிவு அவசரம். மனித இனம் இன்னும் இருக்கிறது; ஆகவே காட்டேரிகள் எல்லோரும் கல்யாணமாகி அடங்கிவிட்டார்கள் என்றும் அதே கணக்கிலிருந்து கொள்ளலாமே.

குடித்தனத்தின் முதிர்ந்த நிலையை ஃபோர்க்ஸ் நகரமே காட்டுகிறது. மரத்தொழில் நலிந்திருந்த ஊருக்கு நாவலைப் படித்தவர்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். செப்டம்பரில் விழா எடுக்கிறார்கள். கதையில் எட்வர்டின் வளர்ப்புத் தந்தை மருத்துவர் கல்லன், உள்ளூர் மருத்துவமனையில் பணிபுரியும் காட்டேரி. உண்மையான மருத்துவமனையின் வண்டி நிறுத்தத்தில் அவருக்கென்று ஓர் இடம் ஒதுக்கிப் பலகையும் வைத்தார்கள். பணியிலிருக்கும் பிற மருத்துவர்கள் அதில் வண்டியை விடலாமா என்பது மேலாய்வுக்குரியது.