ரெகுலர் சார்

ஊருக்கு ஊர் ஒரு நல்ல டிபன் ஹோட்டல் இருக்கும். அந்த ஹோட்டலுக்கென்று ஒரு ரெகுலர் சாரும் இருப்பார். முதலாளி மாறலாம், சரக்கு மாஸ்டர் சம்பளத் தகராறில் எதிர்க்கடைக்குப் போய்விடலாம். ரெகுலர் சார் மட்டும் அசைய மாட்டார். ஃபேனுக்கு நேர் கீழே, கை கழுவும் இடத்துக்கு எட்டி, அடுப்படி வாசல் தெரிகிற மாதிரி இருக்கும் மேசை அவருடையது. அங்கே வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் சண்டைக்குப் போக மாட்டார். பக்கத்தில் நின்று அவர்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். காபியைக்கூடச் சொல்லாமல் எழுந்து போய்விடுவார்கள்.

மெனு கார்டை அவரிடம் நீட்டுகிறவர் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த சர்வராக இருக்க வேண்டும். பழைய ஆள் நேரே காதருகில் குனிவார். “ரவா வேண்டாம் சார், மாவு இன்னும் ஊறல. நெய் ரோஸ்ட் சொல்லட்டா?” இந்த ரகசியத்துக்காகவே சார் உயிரைக் கொடுப்பார்.

அவர் நாக்கைக் குறை சொல்ல முடியாது. இட்லியை விரலால் அழுத்திப் பார்த்தே உளுந்து குறைந்ததைச் சொல்லிவிடுவார். “தேங்காயைக் குறைச்சுட்டு பொட்டுக்கடலையில சமாளிக்கிறான்” என்று சட்னிக்குத் தீர்ப்பு எழுதுவார். காபியில் இரண்டாம் டிகாஷன் கலந்திருந்தால் டம்ளர் உதட்டுக்கு வருமுன்பே மூக்கு கண்டுபிடித்துவிடும். ரவா தோசைக்கு மாவை எவ்வளவு உயரத்திலிருந்து வீசி ஊற்ற வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்த மாஸ்டர்கள் இன்று தனிக்கடை வைத்திருக்கிறார்கள் என்பது அவருடைய நம்பிக்கை.

தட்டுக்குள் ஒரு கடுகு தப்பாது. தட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி நடப்பதுதான் சார் கண்ணில் படுவதே இல்லை.

வாசலில் நிற்கும் சூப்பர்வைசரைப் பாருங்கள். அவரிடம் இரண்டே கேள்விகள். இஸ்திரி போட்ட சட்டை வந்தால், “எத்தனை பேர் சார்?” கைலியும் சிமென்ட் தூசியும் வந்தால், “பார்சலா?” வந்தவர் “உக்காந்து சாப்பிடணும்ணே” என்றால் சூப்பர்வைசர் ஒரு நொடி யோசிப்பார். “ஏசி ஹால் ஃபுல். அந்தப் பக்கம் ஷேரிங்ல உக்காருங்க.” கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நாலு மேசை காலியாக இருப்பது கைலிக்காரருக்கும் தெரியும். அவர் சட்டைப் பையில் கூலிப் பணம் இருக்கிறது, ஏசி ரேட்டுக்கும் போதும். ஆனாலும் அந்தப் பக்கமே போய் உட்காருவார்.

அடுத்து சாம்பார் வாளி. ரெகுலர் சார் மேசையில் கரண்டி வாளியின் அடிவரை போய்த் துழாவும். சின்ன வெங்காயம் நாலு, முருங்கைக்காய் ஒன்று, திட்டமாகப் பருப்பு, எல்லாம் மேலே வரும். ஷேரிங் மேசையில் அதே வாளி, அதே கரண்டி, அதே சர்வர்தான். ஆனால் கரண்டி மேலோடு மிதந்துவிட்டு வந்துவிடும். சட்னி இரண்டாம் தடவை கேட்டால் சாருக்கு, “இதோ சார்.” அங்கே, “வருது, வருது.” வராது.

இதற்கெல்லாம் சாரிடம் பதில் தயாராக இருக்கிறது. “ஹோட்டல்னா ஒரு ஸ்டாண்டர்ட் வேணாமா?” என்பார். “அவங்களுக்கே ஏசில உக்காரக் கூச்சமா இருக்கும் சார்” என்று அவர்கள் சார்பில் கூச்சப்படுவார். பக்கத்துக் குடும்பம் ஆளுக்கொரு ஸ்பெஷல் தோசை சாப்பிட, அவர்கள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி வேலைக்காரப் பெண் சுவரோரம் நின்றுகொண்டிருப்பாள். “வீட்டு மனுஷி மாதிரி வச்சிருக்காங்க பாருங்க, கூடவே கூட்டிட்டு வந்திருக்காங்க” என்று நெகிழ்வார். தெருக் கூட்டும் அம்மாவுக்கும், ஆர்டர் எடுக்க வந்து வாசலிலேயே நிற்கும் டெலிவரி பையனுக்கும் டீ பேப்பர் கப்பில் போகும். “அது ஹைஜீன்” என்பார், தன் டவராவில் காபியை ஆற்றிக்கொண்டே.

இத்தனைக்கும் சார் முற்போக்காளர். கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைக்கிறார்கள் என்று படித்தால் கொதிப்பார். 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு, பெயர்ப் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதானதை நேரில் பார்த்தவர் மாதிரி விவரிப்பார். “பலகை இறங்கிச்சா இல்லையா? அதோட முடிஞ்சுது சார் அந்தக் காலம்!” பலகை இறங்கியது உண்மை. அந்த இடத்தில் இப்போது ‘அனுமதி உரிமை நிர்வாகத்துக்கு உட்பட்டது’ என்று ஒரு சின்ன அறிவிப்பும் அதன் கீழே ஒரு சூப்பர்வைசரும் நிற்கிறார்கள்.

சட்டம் இல்லாமலில்லை. சாதி, மதம், இனம், பால், பிறந்த இடம் இவற்றைக் காட்டி எவரையும் உணவு விடுதிக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. தீண்டாமையின் பேரில் ஹோட்டலுக்குள் விட மறுத்தாலோ, அங்குள்ள பாத்திரத்தைப் புழங்க விடாவிட்டாலோ, 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. கூடவே அபராதம், 100 ரூபாய்க்குக் குறையாமல், 500 ரூபாய்க்கு மேற்படாமல். ஏசி ஹாலில் நாலு பேர் சாப்பிட்ட பில் அதைத் தாண்டிவிடும்.

சாதியைக் கேட்டு விரட்டினால் குற்றம் என்பது சூப்பர்வைசருக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவர் சாதியைக் கேட்பதில்லை, செருப்பைப் பார்க்கிறார். செருப்பைப் பார்ப்பது எந்தச் சட்டத்தில் குற்றம்? ரெகுலர் சாரைக் கேட்டால், “அவனவன் வியாபாரம் அவனுக்கு” என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சாம்பாருக்குக் கை காட்டுவார்.

சூப்பர்வைசரைத் திட்டிப் பயனில்லை. எட்டாயிரமோ பத்தாயிரமோ சம்பளம் வாங்குகிற அவர், டியூட்டி முடிந்து கைலியோடு வேறொரு ஹோட்டலுக்குப் போனால் அவரிடமும் “பார்சலா?” என்றுதான் கேட்பார்கள். அவர் யாருடைய முகச்சுளிப்புக்குப் பயந்து ஆளைப் பிரிக்கிறார்? ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் சாருடைய முகச்சுளிப்புக்குத்தான். சார் சுளிக்க மாட்டார் என்று உறுதியானால், நாளைக்கே எல்லாரிடமும் “எத்தனை பேர்?” என்று கேட்கத் தொடங்கிவிடுவார்.

இதைப் படிக்கிற நீங்களும் எங்கேயோ ஒரு ஹோட்டலில் ரெகுலர் சாராகவோ ரெகுலர் மேடமாகவோ இருப்பீர்கள். சட்னியில் தேங்காய் குறைந்தால் கல்லாவில் போய்ச் சொல்கிறீர்கள், முதலாளியும் மறுநாளே சரி செய்கிறார். காலி மேசை இருக்கும்போது ஒருவரை வெளியே நிறுத்தினால், அதையும் அதே கல்லாவில், அதே குரலில் சொல்லுங்கள்.