தயிர்ச் சட்டிக்கு உறுதி எழுதாதை, பிள்ளை

வா பிள்ளை, இரு. உன்ர கறுப்புக் கோட்டு அலுமாரிக்குள்ள தொங்கித் தொங்கிப் பூச்சி உருண்டை மணக்குதெண்டு கொம்மா சொன்னா. திரும்பவும் வேலைக்குப் போகோணும், பிள்ளையையும் பாக்கோணும், வழியென்ன எண்டு கேட்டியாம். பாலையூற்றில வழி சொல்லுறதுக்கு ஆளில்லையே? லூர்து மாதா கோயிலடியில நிண்டு கேட்டுப் பார், பத்துப் பேர் புத்தி சொல்லுவினம். பிள்ளையை ஒரு மணித்தியாலம் வச்சிரு எண்டு கேட்டுப் பார், பத்துப் பேருக்கும் அவசர வேலை வந்திரும். நானும் அந்தப் பத்துக்குள்ள ஒருத்தன்தான், கோவியாதை.

கோடு உனக்கு இப்போதைக்குச் சரிவராது. காலமை போய் வாங்கில குந்தோணும். உன்ர வழக்கை எப்ப கூப்பிடுவினம் எண்டு உனக்குத் தெரியாது. பதினொரு மணிக்குப் பிள்ளைக்குப் பால் வேணும் எண்டு நீதவானுக்குத் தெரியாது. மத்தியானமாகக் கூப்பிட்டு ஒரு தவணை குடுப்பார். நீ கச்சேரிக்குப் போய் வந்த மாதிரி வெறுங்கையோட வருவாய்.

இதுக்குள்ள ஒரு பகிடி கிடக்கு. கடையில, கந்தோரில நிக்கிற பெட்டைக்குப் பிள்ளை பெத்தால் 84 நாள் சம்பளத்தோட லீவு. முதலாளி குடுக்காட்டி, சட்டம் பேசி அதை வாங்கிக் குடுக்கிறது நீ. உனக்கு ஆர் குடுக்கிறது? உனக்கு நீதான் முதலாளி. உன்னை மாதிரி இரக்கமில்லாத முதலாளியை நான் இந்தப் பக்கத்தில காணேல்லை.

அதால சொல்லுறன், நொத்தாரிசு வேலையைப் பிடி. காணி கைமாறோணும் எண்டால் நொத்தாரிசுக்கும் ரெண்டு சாட்சிக்கும் முன்னால ஒப்பம் வைக்கோணும். 1840ஆம் ஆண்டுச் சட்டம் அது. அந்த வருசம்தான் விக்டோரியா மகாராணி கலியாணம் கட்டினவ. பிறகு ஒன்பது பிள்ளை பெத்தும் மனுசி வேலையை விடேல்லை. அவவுக்குப் பிள்ளை தூக்க அரண்மனை நிறைய ஆள் இருந்தது, உனக்கு உன்ர மாமி ஒருத்தி, அவவுக்கும் முழங்கால் நோ. எண்டாலும் அந்தச் சட்டத்தில ஒரு நன்மை இருக்கு. ஆக்கள் உன்னைத் தேடி வருவினம். பிள்ளை நித்திரை கொள்ளுற நேரம் பாத்து வரச் சொல்லலாம். நீதவானை அப்பிடி வரச் சொல்லேலாது.

உன்ர பேர் உச்ச நீதிமன்றப் பேரேட்டில ஏறினது ஏறினதுதான், பிள்ளை பெத்ததால அழியாது. நொத்தாரிசுச் சான்றிதழைத்தான் வருசா வருசம் எடுக்கோணும், அதை முதல்ல பார். உறுதிக்கு இலக்கம் போடுறதும் வரிசைதான். எந்த இலக்கத்தில விட்டியோ அதுக்கு அடுத்ததில தொடங்குவாய். இடையில எத்தினை நப்கின் மாத்தினாய் எண்டு இலக்கத்தில தெரியாது. ஆனால் கவனம், போன மாத உறுதிகளின்ர பிரதி 15ஆம் திகதிக்குள்ள காணிப் பதிவகத்துக்குப் போயிரோணும். ஒண்டும் எழுதாத மாதத்தில, ஒண்டும் எழுதேல்லை எண்டும் எழுதிக் குடுக்கோணும். அரசாங்கமெண்டால் அப்பிடித்தான். கொண்டு போகேக்க கோப்பைக் கக்கத்துக்குள்ள இறுக்கிப் பிடி. திருகோணமலை டவுண் மான் கடதாசி தின்னும், உறுதியோ நோட்டீசோ எண்டு பாக்காது.

வேலைக்குப் பஞ்சமில்லை. சண்டைக்க உறுதி துலைச்சவன், இன்னும் பூட்டன்ர பேரிலயே கிடக்கிற காணி, ஏழு பேருக்குப் பங்கு பிரிக்காத வளவு, கனடாவில இருந்து மகன் அனுப்பின அற்றோணித் தத்துவம், எல்லாம் இஞ்சதான் கிடக்கு. பெர்மிட் காணியைத் தூக்கிக்கொண்டு விக்க வருவினம், அதுக்கு மயங்காதை. அது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்துக்குள்ள வாறது, பிரதேச செயலாளற்ற சம்மதமில்லாமல் கைமாத்தேலாது. பதிவகத்தில தோம்பைத் தேடிப் பாக்காமல் பேனையைத் தொடாதை.

வீட்டில எழுதுறதெண்டால் ஒரு அறை, அதுக்கொரு கொண்டி. சாப்பாட்டு மேசையில விரிச்சியோ, உன்ர சின்னன் கலர்ப் பென்சிலோட வந்து எல்லைக்கல்லைத் தள்ளிப் போட்டிடும். உறுதியில வெட்டல், திருத்தல், இடைச்செருகல் இருந்தால் அத்தாட்சியில குறிக்கோணும் எண்டு விதி. "மூன்றாம் பக்கம் ஏழாம் வரியில் ஒரு யானை" எண்டு எழுதி ஒப்பம் வைப்பியோ?

இன்னொரு வேலையும் இருக்கு, ராவில செய்யலாம். இஞ்ச கோட்டில வழக்கு நடக்கிறது தமிழில. மேல கொழும்புக்கு அப்பீல் போனால் இங்கிலீசு வேணும். சாட்சியத்தை மொழிபெயர்க்கச் சட்டமும் பாசையும் தெரிஞ்ச ஆள் குறைவு. பக்கக் கணக்கில காசு பேசு. நேரக் கணக்கில பேசினால், பிள்ளை அழுத நேரத்தைக் கழிச்சுத் தா எண்டுவாங்கள்.

காசு எண்டவுடன உண்மையான வில்லங்கத்துக்கு வாறன். வீட்டில இருந்து செய்யிற வேலை இனசனத்துக்கு வேலையாத் தெரியாது. "நீ சும்மாதானே பிள்ளை இருக்கிறாய், இந்தச் சத்தியக்கடதாசியை ஒருக்கா எழுதித் தாவன்" எண்டு ஒரு மச்சாள் வருவா. கையில மூதூர்த் தயிர்ச் சட்டி இருக்கும். தயிரைச் சாப்பிட்டியோ, அதுதான் உன்ர கட்டணம் எண்டு அநுராதபுரச் சந்தி மட்டும் பரவிப் போகும். பிறகு சட்டி சட்டியாத் தயிர் வரும், பால்மா வாங்கக் காசு வராது. தயிரை வாங்கி உள்ள வை, சிரி, கட்டணம் எழுதின மட்டையைச் சுவரில காட்டு. சொந்தத்துக்கு வேணுமெண்டால் ஒரு கதிரை கூடப் போடு, விலையைக் குறையாதை.

சரி, நான் வந்த அலுவலையும் சொல்லிப் போட்டுப் போறன். கிணத்தடி வளவைச் சின்னவளுக்கு நன்கொடை உறுதியா எழுதோணும். என்ர உசிர் இருக்குமட்டும் சீவிய உருத்து எனக்குத்தான், அதைத் தெளிவாப் போடு. மூத்தவளுக்கு மூச்சு விடாதை. நான் தயிரும் கொண்டு வரேல்லை, காசுதான் தருவன். ஆனால் நீ சொல்லுற விலைக்குள்ள முத்திரைச் செலவும் அடங்குமோ, பிறம்போ? பிறம்பெண்டால், பிள்ளை, நான் உன்ர கொப்பற்ற கூடப்பிறந்தவன் எண்டதைக் கொஞ்சம் யோசி.