மாட்டுவண்டிக்கு எட்டு

ஊர்களை அமைப்பதற்கென்று ஒரு சாஸ்திரம் உண்டு, அதைக் கல்லூரியில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் படிக்கிறவர்களும் உண்டு என்பதை நம் உறவினர்களுக்கு விளங்கவைப்பதைப்போல் பிரயாசையான காரியம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வைத்தியத்துக்குப் படிக்கிறவனிடம் நாக்கை நீட்டிக் காட்டலாம், சட்டத்துக்குப் படிக்கிறவனிடம் பங்காளிச் சண்டையைப் பிரஸ்தாபிக்கலாம், நகரமைப்புக்குப் படிக்கிறவனிடம் எதைக் காட்டுவது, எதைப் பிரஸ்தாபிப்பது என்று அறியாமல், கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த என் பெரிய மாமா நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்படின்னா மாடியிலே ஒரு ரூம் எடுக்கப் பிளான் பாஸ் பண்ணிக் குடுத்துடுவியா?" என்று கேட்டார். அந்த அதிகாரம் எனக்கு வருவதற்கில்லை என்று நான் விநயமாகத் தெரிவித்த பிறகு, தம் பெண்ணின் ஜாதகத்தை எங்கள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்த உத்தேசத்தை அவர் ஒத்திவைத்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

இந்தச் சாஸ்திரம் நம் தேசத்துக்கு வந்து சேர்ந்த விதமே சற்று விபரீதமானதுதான். ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெட்டிஸ் என்ற தாவர சாஸ்திரப் பேராசிரியர், உலகத்து நகரங்களைப் பற்றித் தாம் வெகுகாலம் பாடுபட்டுச் சேர்த்த படங்களையும் வரைபடங்களையும் ஒரு பொருட்காட்சியாக்கிக் 'கிளான் கிராண்ட்' என்ற கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவைக்க, 1914ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், அடுத்த மாதமே அந்தக் கப்பலைக் கண்டுபிடித்துப் பொருட்காட்சியோடு சமுத்திரத்தில் அமிழ்த்திவிட்டது. மனிதர் அசரவில்லை, சீமையிலிருந்த சிநேகிதர்கள் அவசர அவசரமாகத் திரட்டி அனுப்பிய வேறு படங்களைக் கொண்டு 1915ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் பொருட்காட்சியை நடத்தியே தீர்த்தார். அது மாத்திரமா? தஞ்சாவூர், மதுரை என்று இராஜதானியின் ஊர்களைக் காலால் அளந்து, முதலில் ஊரைப் பார், பிறகு கோடு கிழி என்ற உபதேசத்தையும் விட்டுச் சென்றார். 1920இல் சென்னை இராஜதானிக்கென்று நகரமைப்புச் சட்டமும் வந்தது. அவருடைய உபதேசத்தின் முதல் பாதியை எங்கள் கல்லூரி நம்பியதன் பலனாகவே, 1990களின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறையில், மாம்பழக் காலத்தை வீட்டில் கழிக்க வேண்டிய நான், தெற்கத்தி ஊர் ஒன்றிலிருந்த நகரமைப்பு ஆபீஸுக்குச் செயல்முறைப் பயிற்சி என்ற பெயரால் அனுப்பப்பட்டேன்.

ஒரு நகரத்தையே உருவாக்கப் போகிறோம் என்ற மனோராஜ்யத்துடன் போனவனுக்கு முதலில் கொடுக்கப்பட்டது ஒரு தூரிகையும் பீங்கான் கிண்ணமும்தான். அம்மோனியா நெடி மாறாத பிரிண்டு ஒன்றை மேஜையின்மீது விரித்து, மூத்த டிராஃப்ட்ஸ்மேன் எனக்கு வர்ண உபதேசம் செய்தார்: குடியிருப்புக்கு மஞ்சள், கடைகண்ணிகளுக்கு நீலம், தொழிற்சாலைகளுக்கு ஊதா, பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி முதலான பொதுக் காரியங்களுக்குச் சிவப்பு, பூங்காவுக்கும் மைதானத்துக்கும் பச்சை. கேட்பதற்குக் குழந்தை விளையாட்டுப்போல் இருக்கும் இந்தக் காரியத்தில், வர்ணத்தை நீர்க்கக் கரைத்து, தூரிகையை முழுக்க நனைத்து, தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மூச்சுவிடாமல் ஒரே வீச்சில் இழுக்க வேண்டும்; நடுவில் கை தயங்கி நின்றால் நின்ற இடத்தில் கறை கட்டி மஞ்சள் இரண்டு விதமாகப் போய்விடும். இரண்டு மஞ்சளுக்கும் சட்டத்தில் வெவ்வேறு அர்த்தம் இருப்பதால், இளமஞ்சளில் அமைதியாக வசித்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தின் பக்கத்து மனையில், தூரிகையின் தயக்கம் ஒன்றையே முகாந்தரமாகக் கொண்டு மாவு மில் ஒன்று தோன்றிவிடக்கூடும் என்று அவர் எச்சரித்தார்.

அடுத்து நான் ஊர் ஏரிக்கு நீலம் கரைக்கத் தொடங்கியபோது அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஏரிக்குத் தண்ணியா அடி. அழுத்தி அடிச்சா கடைவீதின்னு எடுத்துக்குவாங்க."

வேடிக்கையாகத்தான் சொன்னார் என்று அப்போது சிரித்தேன். ஆனால் சென்னையில் மாம்பலத்து ஏரியை 1920களில் தூர்த்துத் தியாகராய நகரை உண்டாக்கியதையும், இன்று அந்தப் பிரதேசத்தில் நகையும் புடவையும் பாத்திரமும் வாங்க அலைமோதுகிற கூட்டத்தையும் நினைத்துப் பார்க்கிறபோது, யாரோ ஒருவர் எந்தக் காலத்திலோ அந்த ஏரிக்கு நீலத்தை அழுத்தித்தான் அடித்துவிட்டார் என்று எண்ண வேண்டியிருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா இருக்கிறது. தபால்காரர் தவறாமல் தபால் கொண்டுபோய்க் கொடுக்கிறார். லேக்கை மட்டும் விலாசத்தில் பார்த்துத் திருப்தியடைய வேண்டியதுதான்.

தூரிகை வித்தையில் ஒருவாறு தேறிய பிறகு, ஊருக்கு வெளியே புறவழிச் சாலையில் வண்டிகளை எண்ணுவதற்கு அனுப்பினார்கள். போக்குவரத்துக் கணக்கில் ஓர் அழகு உண்டு: எந்த வாகனமானாலும் அது எத்தனை கார்களுக்குச் சமானம் என்று மாற்றித்தான் எழுத வேண்டும். இந்தியச் சாலைப் பேராயம் 1990இல் கிராமப்புறச் சாலைகளுக்காக வெளியிட்ட பட்டியலின்படி, சைக்கிளும் ஸ்கூட்டரும் அரை அரைக் கார், பஸ்ஸோ லாரியோ மூன்று கார், கைவண்டியும் மூன்று, குதிரை வண்டி நான்கு, மாட்டுவண்டியோ எட்டு. சாலையில் அது அடைத்துக்கொள்கிற இடத்துக்கும், பின்னால் வருகிறவர்களுக்கு அது அனுக்கிரகிக்கிற நிதானத்துக்கும் சேர்த்துப் போட்ட மதிப்பு அது என்பது சாஸ்திரோக்தமான விளக்கம். இருந்தாலும், வைக்கோலைக் கூரை உயரத்துக்கு ஏற்றி, அதன்மேல் முண்டாசைத் தலையணையாக்கிக்கொண்டு உறங்கியபடி போன ஒரு கிழவரை, எட்டு மோட்டார் கார்களுக்கு அதிபதியாக என் தாளில் பதிவு செய்தபோது எனக்கு உண்டான மரியாதையைச் சாமான்யமாகச் சொல்லிவிட முடியாது. அவருக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வந்த ஒரு பிரமுகரின் கார் வெறும் ஒன்றுதான். ஓர் ஆட்டு மந்தை கடந்தபோதுதான் நான் திகைத்துப் போனேன். பேராயத்தின் பட்டியலில் ஆட்டுக்கு இடமே இல்லை. சாலை முழுவதையும் வெகுநேரம் ஆண்டுவிட்டு அந்த மந்தை பூஜ்யமாகவே போய்ச் சேர்ந்தது.

நான்கு கோடு நிமிர்த்தி ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, கால்மணிக்கு ஒரு தாளாக மாற்றிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னைப் பற்றி ஊரில் பலவிதமான வதந்திகள் கிளம்பின. வரி போட வந்தவன் என்றார்கள். ரோட்டை இடிக்க வந்தவன் என்றார்கள். பஸ் கம்பெனிக்காரன் வைத்த ஒற்றன் என்றும் ஒருவர் நிச்சயமாகச் சொன்னார். எதிரில் ஆப்பம் சுட்டு விற்ற ஆயா ஒருத்திதான் நேரில் வந்து விசாரித்தாள்.

"என்ன தம்பி எழுதுறீங்க?"

"வண்டியெல்லாம் எண்ணுறேன், ஆயா."

"எண்ணிட்டு?"

"எழுதிக்குவேன்."

"எழுதிக்கிட்டு?"

"ஆபீஸ்ல குடுப்பேன்."

"குடுத்துட்டு?"

கல்லூரியில் வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர்கள்கூட என்னை இவ்வளவு துல்லியமாக மடக்கியதில்லை. நான் பேந்தப் பேந்த விழித்ததைக் கண்டு இரக்கம் கொண்டவளாக, "இன்னிக்கு என்னத்த எண்ணுறீங்க? செவ்வாக்கிழமை வாங்க. சந்தை. அன்னிக்குத்தான் வண்டி" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். ஏழு நாளும் இரவும் பகலும் எண்ண வேண்டும் என்பதுதான் விதி. ஆபீஸில் அத்தனை ஆள் இல்லை என்று அதைச் சுருக்கியபோது, சுருக்கலில் விழுந்து காணாமற்போனது அந்தச் செவ்வாய்க்கிழமை. விதியை எழுதிய நிபுணர்களும் ஆப்பக்கார ஆயாவும் ஒரே அபிப்பிராயம் கொண்டிருந்தார்கள் என்பதும், இடையில் இருந்த நாங்கள்தான் சிக்கனம் பிடித்தோம் என்பதும் என் அறிக்கையில் எந்தப் பக்கத்திலும் இடம்பெறவில்லை.

இவற்றுக்கெல்லாம் சிகரம் ஆட்சேபணைக் கூட்டந்தான். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி விரிவு அபிவிருத்தித் திட்டம் ஒன்று தயாரானால், அதைப் பிரசுரம் செய்து ஜனங்களின் ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் கேட்க வேண்டும். மின்விசிறி சுற்றுவதாகப் பாவனை செய்த ஒரு மண்டபத்தில் வரைபடத்தைச் சுவரில் மாட்டிவிட்டு நாங்கள் நடுங்கிக்கொண்டு நின்றோம். நடுங்கவேண்டிய அவசியமே இல்லை. நாற்பதடிச் சாலை வரவேண்டும் என்பதில் ஊரே ஏகமனதாக இருந்தது. சாலையின் தேவையைப் பற்றி வடக்குச் சிறகுக்காரர்கள் உருக்கமாகப் பேசி, அது தெற்குச் சிறகின் வழியே போவதுதான் பொதுநன்மைக்கு உகந்தது என்று முடித்தார்கள். தெற்குச் சிறகுக்காரர்கள் அதைவிட உருக்கமாகப் பேசி, திசையை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். அறுபதடியாக இருந்தால் இன்னும் விசேஷம் என்று சிபாரிசு செய்த ஒரு பெரியவருக்கு அந்தத் தெருவிலேயே மனை கிடையாது என்பது விசாரணையில் தெரிந்தது.

அந்த வரைபடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மேற்கிலிருந்து அம்புபோல் நேராக வந்த சாலை, ஒரு தோட்டத்து மதிலை நெருங்கியதும் சபை மரியாதை தெரிந்த மனிதரைப்போல் ஒதுங்கி, மதிலைச் சுற்றிக்கொண்டு, ஏழெட்டு ஓட்டு வீடுகளின் மீது ஏறி, மறுபடியும் நேராகி விட்டிருந்தது. பூமி மேடா, பாறையா, பழங்காலக் கிணறா என்று நான் ஆராய்ச்சி மனப்பான்மையோடு கேட்டேன். டிராஃப்ட்ஸ்மேன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வளைவைப் புதிதாகப் பார்க்கிறவர்போல் பார்த்தார்.

"அந்த எடத்துல காத்து ஜாஸ்தி தம்பி. பேனா ஒதுங்கிடுச்சு."

இரண்டு வருஷப் பாடத்திட்டத்தில் எந்த நூலும் காற்றின் திசையை இவ்வளவு தெளிவாக எனக்கு விளக்கியதில்லை. அந்த ஓட்டு வீடுகளிலிருந்து ஆட்சேபணை எதுவும் வரவில்லை. வேலை நாளில் முற்பகல் பதினொரு மணிக்கு வைத்த கூட்டத்துக்கு, அந்த நேரத்தில் கூலிக்குப் போயிருந்தவர்கள் எப்படி வருவார்கள்?

பயிற்சி முடிந்து எனக்கு வழங்கப்பட்ட நற்சான்றிதழ், முந்தைய வருஷத்து மாணவி ஒருத்திக்கு அடித்ததைப் பார்த்து அடித்தது. ஆகையால் முதல் வாக்கியத்தில் புருஷனாகத் தொடங்கிய நான், இரண்டாம் வாக்கியத்தில் ஸ்திரீயாகி நகரமைப்பின் சகல துறைகளிலும் தேர்ச்சி பெற்றிருந்தேன். திருத்திக் கேட்டால் கோப்பு மறுபடியும் முதலிலிருந்து புறப்பட வேண்டும் என்றார்கள். அந்தத் தேர்ச்சியை அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு முதல் உத்தியோகத்துக்கான நேர்முகத்துக்குப் போனபோது, கெட்டிஸைப் பற்றியும் தஞ்சாவூரைப் பற்றியும் இரவெல்லாம் படித்து வைத்திருந்த என்னிடம், அனுபவம் உண்டா என்று நடுவில் இருந்தவர் கேட்டார். உண்டு என்றேன். "மாட்டுவண்டிக்கு எத்தனை?" என்றார். எட்டு என்றேன், சிறிதும் தயங்காமல். அவர் திருப்தியோடு தலையசைக்கப் போகிற சமயத்தில், இடப்புறம் இருந்த அதிகாரி, சிறிய மாட்டுவண்டியானால் ஆறுதான், பட்டியலின் அடிக்குறிப்பைப் பாருங்கள் என்றார். எங்கள் பக்கத்தில் எல்லாமே பெரிய வண்டிதான் என்று வலப்புறத்தவர் ஆட்சேபிக்க, ஒற்றை மாடா இரட்டை மாடா, மரச் சக்கரமா டயர் சக்கரமா என்று விவாதம் சூடுபிடித்து, சாப்பாட்டு மணி அடிக்கிறவரையில் அவர்களில் ஒருவருக்காவது என்னிடம் வேறு கேள்வி கேட்க அவகாசம் கிடைக்கவில்லை.