மண்டி வாசல் படுதா: இழுப்பும் சுருட்டலும் குறித்த ஓர் ஆய்வு

தமிழனுக்குப் பந்தல் புதிதல்ல. கல்யாணப் பந்தல், தண்ணீர்ப் பந்தல், புடலங்காய்ப் பந்தல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு, சம்பிரதாயம் உண்டு. பந்தக்கால் நட நல்ல நேரம்கூடப் பஞ்சாங்கத்தில் பார்க்கலாம். லாரியிலிருந்து மூட்டை இறக்கும் வாசலில், கயிற்றை விட்டால் நீண்டு, இழுத்தால் சுருண்டுகொள்ளும் படுதாவுக்குத்தான் நாதியில்லை. கட்டியவன் பெயர் கல்வெட்டில் இல்லை. கட்டுவதற்கு நாள் பார்த்தவரும் இல்லை. இப்பெருங்குறையைப் போக்கும் பொருட்டே இவ்வாய்வு மேற்கொள்ளப்படுகிறது. ஆய்வின் எல்லை, சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரும் அதை ஒத்த மொத்த வியாபார வீதிகளும். ஆய்வு நேரம், எதிரே டீக்கடை திறந்திருக்கும் நேரம்.

படுதாவாவது யாதெனின், ஒரு விளிம்பு கிடங்குச் சுவரோடு கட்டுண்டு, மறு விளிம்பு ஜி.ஐ. பைப்பில் கோக்கப்பட்டு, இரண்டு கப்பிகள் வழியே நைலான் கயிற்றால் ஆளப்பட்டு, ஷட்டருக்கும் லாரியின் பின்கதவுக்கும் நடுவே விரியும் ஷீட்டு என்க. அற்றேல், நிரந்தரமாகத் தகரம் அடித்துவிட்டால் ஆகாதோ எனின், ஆகாது. தகரம் தெருவில் நீண்டால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. மாநகராட்சி ஜேசிபியோடு வரும். படுதா என்றால் அதிகாரி தெருமுனையில் திரும்பும்போதே சுருட்டிவிடலாம். சட்டத்தின் கண்ணில் அது கட்டடமே அல்ல, காயப்போட்ட துணி.

இரண்டாவது காரணம் உயரம். குட்டியானை வந்து நின்றால் அதன் தலை ஏறக்குறைய ஆள் உயரம். டாரஸ் என்றால் அண்ணாந்து பார்க்க வேண்டும். ட்ரெய்லரில் ஏறிவரும் கன்டெய்னர்ப் பெட்டி மட்டுமே எட்டரை அடி. அது உட்கார்ந்திருக்கும் மேடை தரையிலிருந்து நாலைந்து அடி. இத்தனை பேருக்கும் ஒரே கூரை என்பது கொள்கையளவில் நல்ல கொள்கை, மண்டியில் நடக்காது. ஆகவே வண்டி பின்னால் வரும்போது படுதா சுருண்டிருக்க வேண்டும். நின்றபின் இறங்கி அதன் தலையைத் தொட வேண்டும். இந்த ஏற்பாடு முழுவதும் கிளீனரின் குரல்வளையை நம்பி நடக்கிறது. “வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடி, வரட்டும், ஹோல்டான்!” அந்தக் கடைசிச் சொல் அரை விநாடி பிந்தினால் பைப் வளையும். பைப் வளையாத மண்டி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. வளைவு எந்தப் பக்கம் என்று பார்த்தாலே, டிரைவர் எந்தப் பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் விட்டார் என்று சொல்லிவிடலாம்.

இனி, முன்னோர். கி.பி. 80இல் திறக்கப்பட்ட ரோமின் கொலோசியத்தில் மேல்மாடச் சுவரைச் சுற்றி 240 கல் தாங்கிகள் வைத்திருந்தார்கள். கம்பம் நட்டு, கயிறு கட்டி, கூட்டத்தின் தலைமேல் துணி விரிப்பதற்காக. அந்தக் கயிறுகளைக் கையாளக் கடற்படை மாலுமிகளை வைத்திருந்தார்கள். கப்பியும் பாயும் தெரிந்தவர்கள் அவர்கள்தானே. பொம்பெய் நகரத்துச் சுவர் விளம்பரங்களில், கிளாடியேட்டர் சண்டை இன்ன நாள், இன்னார் நடத்துகிறார் என்பதோடு ‘படுதா உண்டு’ என்றும் எழுதியிருக்கிறார்கள். டூரிங் டாக்கீஸ் போய்த் தியேட்டர் வந்த காலத்தில் நம் ஊர் போஸ்டரில் ஏசி என்று கொட்டை எழுத்தில் போட்ட மாதிரி. ஆனால் அந்தத் துணி மூடியது இருக்கைகளைத்தான். நடுவே மணலில் வாளோடு நின்றவனின் தலைக்கு மேல் திறந்த வானம்.

அதற்கும் நாற்பது வருடம் முந்தைய பேரரசர் கலிகுலா, சண்டைக் காட்சியின்போது வெயில் உச்சியில் இருக்கையில் படுதாவைச் சுருட்டச் சொல்லிவிட்டு, ஒருவரும் எழுந்து போகக் கூடாது என்று உத்தரவு போடுவாராம். சூட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். கிறுக்கர் என்று வரலாறு அவரைத் தள்ளிவிட்டது. படுதா ஆய்வில் மட்டும் அவருக்கு ஓர் இடம் கொடுத்தே ஆக வேண்டும்: துணியைப் பார்க்காதே, கயிறு யார் கையில் என்று பார் என்று முதலில் காட்டியவர் அவர்.

அந்த வழியில் மண்டிக்கு வருவோம். கயிற்றின் நுனி வெளியே லோடுமேன்கள் நிற்கும் பக்கம் இருப்பதில்லை. ஷட்டருக்கு உள்ளே, கணக்குப்பிள்ளையின் மேசையிலிருந்து கை எட்டும் தூரத்தில், சுவர்க் கொக்கியில் எட்டுப் போட்டுச் சுற்றியிருக்கும். வெளியே கட்டினால் என்ன என்று விசாரித்ததில், “அவனவன் இழுத்து ஷீட்டக் கிழிச்சிருவானுங்க” என்ற பதில் கிடைத்தது. ஷீட்டு ஏற்கெனவே நாலு இடத்தில் கிழிந்திருந்தது. அது வேறு விஷயம்.

கயிறு அவிழும் வேகத்தைக் கவனித்தால் இரண்டு விதிகள் புலப்படும். முதலாவது மழை விதி. தெருப் புழுதியில் முதல் துளி விழுந்த வாசனை வந்ததும், போன் அடித்தாலும் எழாத முதலாளி எழுந்துவிடுவார். கணக்குப்பிள்ளை பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கொக்கியிடம் பாய்வார். இரண்டாவது துளி விழுமுன் படுதா லாரியின் தலையில் இருக்கும்.

இரண்டாவது வெயில் விதி. நடுப்பகல். மேஸ்திரி உள்ளே தலையை நீட்டி, “கணக்கு, கயித்தக் கொஞ்சம் விடுங்க” என்பார். “இந்த வண்டி முடியட்டும்.” கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டால், “சிக்கிக்கிட்டிருக்கு, பார்க்கறேன்.” மூன்றாம் முறை, “அதான் மேகம் வருதுல்ல.” அதற்குள் வண்டி முடிந்திருக்கும். மழைக்கு வழுக்கும் அதே கயிறு வெயிலுக்கு மட்டும் எப்படிச் சிக்குகிறது என்பது இயற்பியல் துறையினர் ஆராய வேண்டியது.

வெயில் விதிக்கு ஒரு விலக்கு உண்டு, அதுதான் இந்த ஆய்வின் பெருங்கண்டுபிடிப்பு. வெல்லம். சேலம் வெல்லத்துக்குப் பேர்போன ஊர். வெல்லச் சிப்பம் சூட்டில் இளகி, சாக்கில் ஒட்டி, எடை குறையும். ஆகவே வெல்ல லோடு வந்தால் உச்சி வெயிலிலும் கேட்காமலே படுதா இறங்குகிறது. கயிறு சிக்குவதில்லை, மேகம் வரும் என்று யாரும் காத்திருப்பதுமில்லை. இதை ஆய்வாளர்களுக்கு முன்பே லோடுமேன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரே நேரத்தில் கடலைப்பருப்பு ஒரு வண்டியும் வெல்லம் ஒரு வண்டியும் நின்றால், மூத்தவர்கள் சும்மாட்டை எடுத்துக்கொண்டு பேசாமல் வெல்லத்தின் பக்கம் நகர்கிறார்கள். கூலி ஒன்றுதான். ஆக, சரக்கு வாரியாகப் பகுத்தால்: சிமெண்டுக்கு மழையில் படுதா, உப்புக்கு மழையில் படுதா, வெல்லத்துக்கு மழையிலும் வெயிலிலும் படுதா. லோடுமேனுக்கு, அவன் வெல்லம் சுமக்கும் நேரத்தில் படுதா.

எதிர்வாதம் வராமல் இல்லை. சரக்குக்குப் பணம் போட்டிருக்கிறார்கள், நனைந்தால் நட்டம், அது இயல்புதானே என்பர். இயல்புதான். அரசு நெல் கொள்முதலிலேயே ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. அளந்து சொல்லக் கையடக்கக் கருவி இருக்கிறது. தாண்டினால் விவசாயி மறுபடி காயவைக்க வேண்டும். அந்த 40 கிலோ மூட்டையைச் சுமந்து ஏற்றுபவனின் பனியனை அதே கருவியில் வைத்தால் முள் எங்கே போய் நிற்கும் என்று யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை. வரம்பு மீறினால் அவனைக் காயவைப்பதா, திருப்பி அனுப்புவதா என்ற நிர்வாகச் சிக்கலும் எழும்.

படுதாவின் பூர்வீகம் குறித்துச் சில வார்த்தை. புதிதாக வாங்கும்போது நீலமாகவோ மஞ்சளாகவோ இருக்கும் ஷீட்டு, இரண்டு கோடை தாண்டினால் நொறுங்கத் தொடங்கும். அப்போது ஒட்டுப்போட வருவது ஃபிளெக்ஸ். ஒரு படுதாவை அடியிலிருந்து அண்ணாந்து பார்த்ததில் மூன்று அடுக்குகள் தெரிந்தன: காதணி விழா அழைப்பு, அதன்மேல் கைகூப்பிய ஒரு வேட்பாளரின் இடது பாதி, அதற்கும் மேல் கண்ணீர் அஞ்சலி, ‘இரண்டாம் ஆண்டு’ வரை. கீழடியில் அடுக்கு பார்த்துக் காலம் கணிப்பவர்கள் மண்டிப் பக்கம் வந்தால், எந்தத் தேர்தலுக்குப் பின் எந்த மழையில் எது கிழிந்தது என்று துல்லியமாகச் சொல்லிவிடுவார்கள். வேட்பாளர் ஜெயித்தாரா என்று தெரியவில்லை. நிழல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது தொப்பை. சாய்வு போதாமல் கட்டிய படுதாவில் மழைநீர் நடுவில் தேங்கித் தொங்கும். இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், சராசரி பத்து சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் 200 லிட்டர். அதாவது 200 கிலோ. ஐம்பது கிலோ அரிசி மூட்டை நாலு, ஏத்துக்கூலி இல்லாமல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இதை இறக்குவதற்கு ஒரு மூங்கில் கழி போதும், கீழிருந்து முட்டினால் கொட்டிவிடும். யார் முட்டுவது என்பதில் தகராறு வருவதில்லை. யார்மேல் கொட்டுவது என்பதில்தான். வழக்கமாக அப்போதுதான் டீ கிளாஸோடு இறங்கிவந்த வெளியூர் டிரைவர் மேல். உள்ளூர்க்காரர்கள் தொப்பையின் அடியில் நிற்பதில்லை.

இங்கே சூரியனையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. சேலத்தில் ஏப்ரல் 21ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். பன்னிரண்டேகால் வாக்கில் படுதாவின் நிழல் நேர் கீழே விழும். அது விரிந்திருந்தால். மாலை நாலேகாலுக்குக் கதை வேறு. ஏப்ரலில் அந்த நேரத்துச் சாய்வுக்கு, நாலு மீட்டர் உயரத்துப் படுதாவின் நிழல் கிழக்கே ஆறரை மீட்டர் தள்ளிப்போகும். மண்டி மேற்குப் பார்த்ததாக இருந்தால் அந்த நிழல் ஆட்கள் நடக்கும் தரையில் தங்காது. சுவரில் ஏறி, ஷட்டர் வழியாக உள்ளே புகுந்து, அட்டி போட்ட மூட்டைகளின் பக்கம் போய்விடும். முதலாளி பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், இதில் அவர் கை எதுவும் இல்லை. கிரகங்களும் சரக்கின் கட்சி.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டிலிருந்தே உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று தனிச்சட்டம் இருக்கிறது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவும் அரசு அறிவித்துவிட்டது; வெயிலால் இறந்தால் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. புயல், வெள்ளத்தோடு ஒரே வரிசையில் வெயிலுக்கும் இடம் கிடைத்திருக்கிறது என்ற செய்தியை மேஸ்திரியிடம் சொன்னபோது, அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பேரிடர்னா லீவு உண்டுங்களா?” என்று கேட்டார்.

கன்டெய்னரில் இந்த ஆய்வு முழுவதும் தோற்றுப்போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். படுதா எவ்வளவு ஒழுங்காக விரிந்தாலும் அது மூடுவது வாசலை. ஆளோ நாற்பதடி இரும்புப் பெட்டியின் அடிமுனையில், காற்று போக ஒரே ஒரு கதவு உள்ள இடத்தில், கொக்கியோடு நிற்கிறான். அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து மேஸ்திரி பக்கம் திரும்பும்போதுதான் படுதாவைப் பார்க்கிறான். அதன் கீழ் அவன் இருக்கும் நேரம் நாலு எட்டு.

இப்போது மோட்டார் வைத்த படுதா வந்துவிட்டது. மடங்கும் கைகள், ரிமோட், சென்சார் எல்லாம் உண்டு. காற்று பலமாக அடித்தால் தானே சுருண்டுகொள்ளும், வெயில் ஏறினால் தானே இறங்கும். காற்று சென்சாரால் நம் ஊரில் வம்புதான். கோடைமழை இங்கே எப்போதும் சுழற்காற்றை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் வரும், ஆக மழை வருவதற்குச் சரியாக ஒரு நிமிடம் முன் படுதா உள்ளே போய்விடும். ஒரு மண்டியில் இதைப் பொருத்த ஃபிட்டர் வந்திருந்தார். ஏணியில் நின்றபடி ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தார். முதலாளி கவனமாகக் கேட்டார்.

“அந்த வெயிலுக்கு இறங்கற சென்சார் நமக்கு வேண்டாங்க. மழைக்கு ரிமோட் போதும்.”

“காத்துக்கும் வெயிலுக்கும் ஒரே டப்பாங்க சார். ரெண்டும் சேர்ந்துதான் வருது.”

“கரண்டு பில்லு யாருங்க கட்டறது? ஒண்ணு பண்ணுங்க, அந்த வெயில் ஒயர மட்டும் கட் பண்ணி விட்ருங்க.”

“வெல்லம் வந்தா?” என்றார் கணக்குப்பிள்ளை, பேனாவைக் காதிலிருந்து எடுத்து.

முதலாளி கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப ஒரு சுவிட்ச் போட்டுடுங்க,” என்றார் ஃபிட்டரிடம். “உள்பக்கமா.”