கன்னிமாரா புராணம்

தீபாவளிப் பட்டாசுக் குப்பையை அள்ளி முடிப்பதற்குள் சென்னையின் நட்சத்திர ஓட்டல்களில் கேக் கலக்கும் வைபவம் தொடங்கிவிடும். மறுநாள் பேப்பரில் படம் வரும். நீள மேஜையில் உலர்திராட்சையும் பேரீச்சையும் முந்திரியும் டூட்டி ஃப்ரூட்டியும் கோலம் போட்டாற்போலப் பரப்பியிருக்கும். வெள்ளைக் குல்லா வைத்து, பிளாஸ்டிக் கையுறை மாட்டிய பிரமுகர்கள் சுற்றி நின்று ரம் பாட்டிலைக் கவிழ்ப்பார்கள். “மேடம், இங்க பார்த்துட்டு இன்னொரு தடவை ஊத்துங்க” என்பார் போட்டோகிராபர். மேடம் கேமராவைப் பார்த்துக்கொண்டே ஊற்றுவதால் பாதி ரம் மேஜை விரிப்புக்குப் போகும். குரோம்பேட்டையில் எங்கள் தெருப் பெரியவர்கள் இந்தப் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். மதுவிலக்கு நாட்களைப் பார்த்தவர்கள் அவர்கள்; அந்த விரிப்பின் மேல் அவர்களுக்கு ஒரு பொறாமை.

கேக் கலக்குவது நேற்று வந்த வழக்கம். ஒரு கவர்னரின் குடும்பத்தையே கலக்கிய பெருமை பின்னி சாலை கன்னிமாரா ஓட்டலுக்கு உண்டு.

அந்த இடம் முதலில் பின்னி கம்பெனியின் ஜான் பின்னியுடைய தோட்ட வீடு. 1854-ல் திருவல்லிக்கேணி இரத்தினவேலு முதலியார் அங்கே இம்பீரியல் ஓட்டலைத் தொடங்கினார். அதாவது சென்னை துரைமார்களின் கிறிஸ்துமஸ் விருந்துக்கு உலை வைத்தவர் ஒரு முதலியார். சாப்பிட்டவர்கள் ஆண்டார்கள், பில் போட்டவர் முதலியார். யார் ஜெயித்தது என்று வரலாற்றாசிரியர்கள் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. 1886-ல் ஓட்டலுக்கு ஆல்பனி என்று பெயர் மாறியது.

அதே 1886 டிசம்பரில் புது கவர்னராக வந்து இறங்கினார் ராபர்ட் பூர்க். அந்தமானில் கொலையுண்ட வைசிராய் மேயோ பிரபுவின் தம்பி. அடுத்த வருஷம் இவருக்கும் பிரபு பட்டம் கிடைத்து, அயர்லாந்தில் உள்ள ஒரு வட்டாரத்தின் பெயரால் கன்னிமாரா பிரபு ஆனார்.

பிரபுவின் பொற்காலம் 1887 கிறிஸ்துமஸ். அந்தக் காலத்துக் காங்கிரஸ் பெரும்பாலும் வக்கீல்களின் கட்சி. டிசம்பர் கடைசி வாரம் கோர்ட்டுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை. ஆகவே தேசபக்திக்கு லீவு கிடைப்பது அந்த வாரம்தான். 1885-ல் பம்பாயில் முதல் மாநாடு கூடியதே டிசம்பர் 28-ந் தேதி. மூன்றாவது மாநாடு சென்னையில், ஆயிரம் விளக்குப் பக்கம் மக்கீஸ் தோட்டத்தில், பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் நடந்தது. அறுநூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். உரிமை கேட்டு வந்தவர்களைக் கன்னிமாரா தன் மாளிகைக்கே கூப்பிட்டுத் தோட்ட விருந்து வைத்தார். அடுத்த வருஷம் அலகாபாத்தில் பந்தல் போட இடம்கூடக் கொடுக்காமல் அதிகாரிகள் அலைக்கழித்ததை நினைத்தால், நம்மவர் தங்கமான மனிதர்.

வெளியாருக்குத் தங்கம். வீட்டில் விஷயம் வேறு.

வீட்டம்மா லேடி சூசன் லேசுப்பட்டவர் அல்ல. டல்ஹவுசி பிரபுவின் மகள். ஆண் வாரிசு இல்லாத ராஜ்யமெல்லாம் கம்பெனிக்கே என்று சட்டம் பேசி சதாரா, நாக்பூர், ஜான்சி என வரிசையாக விழுங்கிய அதே டல்ஹவுசி. நம் தஞ்சாவூர் போனதும் அவர் காலத்தில்தான், 1855-ல். அப்பேர்ப்பட்ட மனிதரின் மாப்பிள்ளை கொஞ்சம் பயந்து நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. துரையின் பார்வை மேய்ந்த இடங்களைப் பற்றி ஊர் பேசியது. ஒருநாள் அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு கவர்னர் மாளிகையை விட்டு ஆல்பனி ஓட்டலுக்குப் போய்விட்டார் என்பது சென்னை தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை.

நம்மூர்ப் பெண் கோபித்துக்கொண்டால் பிறந்த வீட்டுக்குப் போவாள். சூசனுக்குப் பிறந்த வீடு ஸ்காட்லாந்தில். கப்பலேறினால் வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் கோபம் ஆறிவிடும். ஓட்டலோ சுமார் ஒரு மைல். அன்றைக்கு வண்டி ஓட்டியவரை நான் இப்படித்தான் கற்பனை செய்துகொள்கிறேன்.

“எங்கம்மா போவணும்?”

“ஆல்பனி.”

“இட்டாறதுக்கு எத்தினி மணிக்கு வரட்டும்மா?”

“வர வேணாம்ப்பா.”

வழக்கு இங்கிலாந்து கோர்ட்டுக்குப் போனது. 1857-ம் வருஷத்து விவாகரத்துச் சட்டம் ஒரு வேடிக்கை. மனைவியைத் தள்ளிவைக்க, அவள் தப்பு செய்தாள் என்று கணவன் காட்டினால் போதும். மனைவி கேட்டாலோ, கணவன் தப்பும் செய்தான், கூடவே கொடுமையும் செய்தான் அல்லது கைவிட்டான் என்று இரண்டாக நிரூபிக்க வேண்டும். ஒற்றைத் தப்புக்கு ஆண்களுக்குத் தள்ளுபடி. லேடி சூசன் இரண்டையும் நிரூபித்து 1890-ல் விடுதலை வாங்கினார். பிறகு, சென்னையில் தனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் பிரிக்ஸையே கல்யாணமும் செய்துகொண்டார். மருந்து வேலை செய்திருக்கிறது.

கன்னிமாரா 1890 டிசம்பர் தொடக்கத்தில் பதவியை விட்டார். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் வருவதற்குள் வேலையும் போச்சு, பெண்டாட்டியும் போச்சு. பெயர் மட்டும் ஓட்டல் வாசலில் ஏறியது. ஆமாம், ஆல்பனி அதே 1890-ல் கன்னிமாரா ஆகிவிட்டது. கோபித்துக்கொண்டு வந்த பெண் தங்கிய இடத்துக்கு, யார் மேல் கோபமோ அவர் பெயரையே வைக்கும் துணிச்சல் சென்னைக்குத்தான் வரும். பிரபு பட்டமாவது நிலைத்ததா என்றால், 1902-ல் அவர் செத்ததும் வாரிசில்லாமல் அதுவும் காலாவதி. டல்ஹவுசியின் சட்டம் கடைசியாகக் கவ்வியது மாப்பிள்ளையைத்தான். தஞ்சாவூர்க்காரர்கள் இதை அன்றைக்கே பாயசம் வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும்.

1891-ல் ஓட்டலை வாங்கினார் ஸ்பென்சர் கடை முதலாளி யூஜின் ஓக்ஷாட். திண்டுக்கல் சுருட்டையே சீமைக்குச் சுருட்டிய வியாபாரம் அது. கடையும் அவருடையது, ஓட்டலும் அவருடையது. டிசம்பர் சீசனில் ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போட்டாலும் நடுவில் லாபம் நிற்கும்.

எங்கள் குரோம்பேட்டை இந்தக் கதையில் பின்வாசல் வழியாக நுழைகிறது. துரைமார் மேஜையில் இறைச்சி போனால் தோல் எங்கேயாவது போக வேண்டுமே. ஆவாரம்பட்டையில் ஊறப்போட்டு மாதக்கணக்கில் பதப்படுத்துவது பழைய முறை. குரோமிய உப்பில் போட்டால் சில நாட்களில் முடிந்துவிடும் என்று ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் சோதனை செய்து காட்டினார். 1912-ல் ஜி. ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்துக்குப் பக்கத்தில் குரோம் லெதர் கம்பெனியை ஆரம்பித்தார். கம்பெனியைச் சுற்றி ஊர் வளர்ந்தது. ஊருக்குப் பெயர் அந்தக் குரோமிய உப்பால் வந்தது; துரைக்கு மிஞ்சியது சேம்பர்ஸ் காலனி ஒன்றுதான். குடும்பத்தைக் கோட்டைவிட்ட கவர்னருக்குப் பெரிய ஓட்டல், வேலையை ஒழுங்காகப் பார்த்தவருக்கு நாலு தெரு. இதையெல்லாம் கேட்க ஆளில்லை.

ஓட்டல் சீசனுக்கு வந்த உண்மையான சோதனை மதுவிலக்கு. ராஜாஜி 1937-ல் சேலத்தில் ஆரம்பித்ததை ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1948-ல் மாகாணம் முழுக்கக் கொண்டுபோனார். அதன்பின் கிறிஸ்துமஸ் இரவில் கோப்பை தூக்க பெர்மிட் வேண்டும். வெளிநாட்டுக்காரருக்குக் கொடுப்பார்கள். உள்ளூர்க்காரர், குடிக்காவிட்டால் தன் உடம்புக்கு ஆகாது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வரவேண்டும். ஊரிலேயே கொழுகொழுவென்று இருந்தவர்கள் தீராத நோயாளிகளாகப் பதிவானது அந்தக் காலத்தில்தான். கன்னிமாரா பிரபு தோட்ட விருந்து வைத்த கவர்னர் மாளிகை வளாகத்துக்கு இன்று என்ன பெயர்? ஓமந்தூரார் தோட்டம். மாளிகையையும் சட்டசபை கட்டுகிறேன் என்று இடித்தார்கள். கட்டி முடித்த சட்டசபையை ஆஸ்பத்திரி ஆக்கினார்கள்.

ஓட்டல் மட்டும் நிற்கிறது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வந்து கை வைத்தார், தாஜ் நிர்வாகம் வந்தது, சாயம் மாறியது. டிசம்பரில் குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலேறி எழும்பூரில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி, குடும்பத்தோடு அங்கே பஃபே சாப்பிடப் போகிறவர்கள் உண்டு. வான்கோழியைத் தொடாமல் மூன்று தட்டு புட்டிங்கோடு எழுந்து வருகிற சைவர்களும் அதில் சேர்த்தி. மற்றவர்களுக்கு ஜி.எஸ்.டி. சாலை பேக்கரியில் அரைக் கிலோ பிளம் கேக், எக்லெஸ்.

எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. பிரபுவே 1890 மார்ச்சில் அடிக்கல் நாட்டியது. ஓட்டலுக்குள் இருக்கும் பாருக்குப் பெயர் லேடி கன்னிமாரா. இந்தப் பாகப்பிரிவினையை எதிர்வீட்டு மாமாவிடம் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆக, ஆம்படையானுக்குப் புஸ்தகத்தைக் குடுத்து அனுப்பிச்சுட்டு, ஓட்டலை அவ சேர்த்துண்டுட்டா. டல்ஹவுசி ரத்தமோன்னோ!”